பத்தில் ஒரு பங்கு

என் தங்கை குடியிருந்த தெருக்காரர்களிடம், "தாராளமா வீட்டுக்குள்ள போங்க" என்று சொன்னவன் நான்தான். போனில் சொன்னேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நழுவப் பார்க்கிறான் என்று தோன்றும். நழுவுவதில் நான் கெட்டிக்காரன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

என் வேலை நிலநடுக்கத்தை அளப்பது. ஊரைத் தள்ளி, பாறைமேல் கட்டிய இரண்டறைக் கட்டடம். முன்னறையில் மேசை, போன், நான். பின்னறையில் உருளை. அதற்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் கருவி. கருவி என்றால் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கனமான குண்டு, அவ்வளவுதான். தரை ஆடும்போது அது மட்டும் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். தரைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கி, மேலே உருளையில் சுற்றிய தாளில் மை ஊசி ஒன்று கோடாக எழுதும். உருளை நகர்ந்துகொண்டே இருக்கும், விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர். நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டில் ஒரு சின்னப் பல் விழும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பல்லையும் கோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதிய டிஜிட்டல் கருவி ஒன்று இருந்தது. பழுது பார்க்க எடுத்துப் போனவர்கள் போனவர்கள்தான். அதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. என் பழைய உருளை பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். அது உண்மைதான். கடைசிவரை அது பொய் சொல்லவே இல்லை.

தங்கை இருந்தது இருநூறு கிலோமீட்டர் தள்ளி, வேறு ஊரில். ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. அவள் வீட்டிலேயே துணி தைப்பாள், மாப்பிள்ளை பஸ் ஓட்டுபவர். என்னைச் சீண்டாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. "அண்ணா, நேத்து நான் ரொம்ப நேரம் தையல் மெஷின் மிதிச்சேனே, உன் பேப்பர்ல விழுந்துச்சா?" என்பாள். "எங்க அண்ணன் பூமி டாக்டர். பூமிக்குக் காய்ச்சல் வந்தா எத்தனை டிகிரின்னு மட்டும் சொல்லுவார், மருந்து கேட்டா முழிப்பார்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதனால் அந்தத் தெருவில் எனக்குப் பெயரே பூமி டாக்டர்தான். கேலியாக வைத்த பெயர் என்றாலும் நம்பிக்கையோடு கூப்பிட்டார்கள். நான் அங்கே போனால் நாற்காலி வரும், டீ வரும். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் திரும்பும்.

இனி குமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊசியின் அசைவை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை ஒரு குமிழ் முடிவு செய்கிறது. என் நிலையத்தில் வழக்கமான பெருக்கம் 2800. குமிழை ஒரு படி கீழே திருப்பினால் பத்தில் ஒரு பங்கு, 280. எந்தப் பெருக்கத்தில் எழுதியது என்று தெரியாவிட்டால் தாளில் இருக்கும் கோடு வெறும் கிறுக்கல். அதனால் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. குமிழைத் தொட்டால், தொட்ட கையோடு தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும்.

தாள் தினமும் காலை எட்டு மணிக்கு மாறும். தேதி, நிலைய எண், பெருக்கம் மூன்றையும் ஒவ்வொரு தாளிலும் கையால் எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆறு வருடத்துக்கு முன் முத்திரை செய்யும் கடையில் சொல்லி ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டேன். தேதியை மட்டும் திருப்பிக்கொள்ளலாம். நிலைய எண்ணும் 2800-உம் அதிலேயே செதுக்கியிருக்கும். டப் என்று ஒரு குத்து, வேலை முடிந்தது. மற்ற நிலையங்களும் இப்படிச் செய்யலாம் என்று தலைமை நிலையத்திலிருந்து பாராட்டிக் கடிதம்கூட வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

பூமி ஆடிய நாளுக்கு முந்தின நாள், பக்கத்து மனையில் போர்வெல் போட வண்டி வந்து நின்றது. பாறையைத் துளைக்கிற துளைப்பில் என் தாள் முழுக்க மை அப்பிக் கறுத்துவிட்டது. சுவர் தாண்டிப் போய்க் கத்திப் பார்த்தேன். வண்டிக்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எனக்குக் கையசைத்தார். வேறு வழியில்லாமல் குமிழை ஒரு படி கீழே திருப்பினேன். விதிப்படி தாளின் ஓரத்தில் எழுதினேன்: "பெருக்கம் 280. போர்வெல்." நேரமும் போட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன், அந்தத் தாளில்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தத் தாளைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். புதுத் தாளைச் சுற்றினேன். முத்திரையை எடுத்து டப் என்று குத்தினேன்.

அன்று மதியத்தோடு துளைப்பு நின்றது. மாலை நாலு பத்துக்கு ஊசி துள்ளியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முதலில் சின்னத் துடிப்பு, அது முதல் அலை. பிறகு பெரிய துடிப்பு, அது இரண்டாவது அலை. இரண்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்தேன். இருபத்தைந்து மில்லிமீட்டர், அதாவது இருபத்தைந்து விநாடி. எட்டால் பெருக்கினால் தூரம் வந்துவிடும், இருநூறு கிலோமீட்டர். ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு தூரம்தான் சொல்ல முடியும், திசை சொல்ல முடியாது. அந்தத் தூரத்தில் தங்கை ஊரும் இருந்தது. அடுத்து, பெரிய துடிப்பின் உயரம். பன்னிரண்டரை மில்லிமீட்டர். முத்திரையைப் பார்த்தேன், 2800. அட்டவணையில் விரலை ஓட்டினேன். நாலு புள்ளி ஆறு.

இந்தக் கணக்கில் ஒரு வினோதம் உண்டு. செய்தியில் ஐந்து, ஆறு என்று வாசிக்கிறார்களே, அதில் ஒரு எண் கூடினால் தாளில் கோட்டின் உயரம் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். ஆகவே பெருக்கத்தைப் பத்து மடங்கு தப்பாக எடுத்துக்கொண்டால், விடையில் சரியாக ஒன்று குறையும். நாலு புள்ளி ஆறு என்று நான் படித்தது உண்மையில் ஐந்து புள்ளி ஆறு.

தங்கை ஊர் நகராட்சியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் எல்லோரும் வீடு திரும்பலாம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பழைய கட்டடத்துக்காரர்கள் இரண்டு நாள் வெளியே இருக்க வேண்டும், பள்ளி மைதானத்தில் கூடாரம் போடுவார்கள். தலைமை நிலையம் எல்லா இடத்துக் கணக்கையும் சேர்த்து அறிவிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் நகராட்சி அதிகாரி நிலையங்களிலேயே பக்கத்தில் இருக்கிற என்னைத்தான் முதலில் கூப்பிடுவார். கூப்பிட்டார். "நாலு புள்ளி ஆறு" என்றேன். "நல்லவேளை சார்" என்று வைத்துவிட்டார்.

நாலரைக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க செம ஆட்டம். அலமாரில இருந்த பாத்திரம் பூரா கீழ. சுவத்துல விரல் நுழையற மாதிரி ஒரு வெடிப்பு. தெருவே வெளிய நிக்குது. நகராட்சி வண்டில மைக் வச்சு உள்ள போகலாம்னு சொல்லிட்டுப் போறாங்க, இவங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. எங்க பூமி டாக்டர் சொன்னாதான் போவாங்களாம். இரு, ஸ்பீக்கர்ல போடறேன்."

பின்னால் நாலைந்து குரல்கள், ஒரு குழந்தையின் அழுகை. யாரோ "உஷ், டாக்டர் பேசறார்" என்றார்கள். எனக்குக் குஷி வந்துவிட்டது. அந்தக் குஷியை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"நாலு புள்ளி ஆறெல்லாம் ஒரு ஆட்டமா? உங்க ஊர் ஆத்து மண்ணு, சும்மா தட்டினாலே குலுங்கும். தாராளமா வீட்டுக்குள்ள போங்க. போய் மொதல்ல பாத்திரத்த எடுத்து அடுக்குங்க" என்றேன்.

தெரு சிரித்தது. எனக்கு நன்றாகக் கேட்டது.

"வெடிப்பு இருக்கே அண்ணா?" என்றாள் தங்கை, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி.

"உன் கட்டடத்துல வெடிப்பு இல்லாத சுவர் எது? போடி உள்ள."

"சரி சாமி, போறேன்" என்றாள்.

ஐந்து முப்பத்தைந்துக்குத் தலைமை நிலையத்திலிருந்து போன். அங்கே எல்லா நிலையத்துக் கணக்கையும் சரிபார்க்கிற அம்மா. நாங்கள் அவரைக் கணக்கம்மா என்போம். "மத்த மூணு ஸ்டேஷன்லயும் அஞ்சே முக்காலுக்குக் கிட்ட வருது சார். உங்களோடது மட்டும் ஒண்ணு கம்மி" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூணும் எங்கயோ தூரத்துல இருக்கு. பக்கத்துல இருக்கறது நான். இருபத்திரண்டு வருஷமா இதே உருளை. எனக்கே கணக்கு சொல்லித் தரீங்களா?"

"கோபப்படாதீங்க சார். பெருக்கம் எவ்வளவுன்னு ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க. பாத்தா போதும்."

"பாக்கறேன், பாத்துட்டே சொல்றேன்" என்று போனை வைத்தேன். அவர் மூக்கை உடைக்க வேண்டும் என்ற வேகத்தில்தான் பின்னறைக்குப் போனேன். குமிழைப் பார்த்தேன். ஒரு படி கீழே இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து நாற்பத்தொன்று.

போன் பக்கத்து அறையில். பத்து அடி. நகராட்சிக்கு ஒரு போன், தங்கைக்கு ஒரு போன். "கணக்குத் தப்பு, வெளிய வாங்க" என்றால் போதும். நாலே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனசு போன வழி இதுதான்: முதல் ஆட்டம் முடிந்துவிட்டது, பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும், அவசரம் ஒன்றுமில்லை. முதலில் தாளைச் சரிசெய்துவிடலாம். தாளில் 280 என்று இருந்தால், தாள் சரி, அவசரத்தில் போனில்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஆகும். அது மன்னிக்கக்கூடிய தப்பு. தாளே தப்பு என்றால் மன்னிப்பு கிடையாது. பாராட்டிக் கடிதம் எழுதிய அதே கை வேறு கடிதம் எழுதும்.

2800-ஐ 280 ஆக்க ஒரு பூஜ்யத்தைச் சுரண்டினால் போதும். மேசையிலிருந்து பிளேடை எடுத்து வந்தேன்.

உருளையை நிறுத்த முடியாது, நிறுத்தினால் கோடு அறுந்து காட்டிக் கொடுத்துவிடும். அது நகர நகர நானும் குனிந்தபடி கூடவே நகர்ந்து, தாள் கிழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூஜ்யத்தைச் சுரண்டினேன். முத்திரை மை லேசில் போகவில்லை. போனபோது தாள் மெலிந்து, சுரண்டியது அப்பட்டமாகத் தெரிந்தது. சரி, அதற்குப் பக்கத்தில் காலையில் எழுதினதுபோல் ஒரு குறிப்பு இருந்தால் உறுத்தாது என்று பென்சிலைத் தேடினேன். கூர் போய்விட்டிருந்தது. அதைச் சீவினேன். ஆமாம், பென்சில் சீவினேன். "காலை 8.00. பெருக்கம் 280. போர்வெல் கார" என்றுவரை எழுதியிருந்தேன்.

என் கைக்கு ஒரு சாண் தள்ளி ஊசி நடுங்கத் தொடங்கியது.

என் கை தானாக இழுத்துக்கொண்டது. பென்சில் தாளின் குறுக்கே நீளமாக ஒரு கோடு கிழித்தது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

அது முதல் அலை. இருநூறு கிலோமீட்டர் வருவதற்கு அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படியென்றால், வந்தது அந்த ஊரிலிருந்து என்றால், அங்கே எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இது இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த கணக்கு. அசையாமல் நின்று விநாடிகளை எண்ணத் தொடங்கினேன். வேறு எண்ணாக இருக்கட்டும், பத்தாக இருக்கட்டும், நாற்பதாக இருக்கட்டும், வேறு எந்த ஊராவது போகட்டும் என்று கெஞ்சிக்கொண்டே எண்ணினேன். வேறு ஊர் என்றால் அங்கேயும் யாருக்காவது தங்கை இருப்பாள் என்று தோன்றவே இல்லை. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. இருபத்தைந்து.

ஊசி தாளின் விளிம்புவரை அடித்து, தடுப்பில் மோதி, கொண்டியிலிருந்து கழன்று தொங்கியது. என் காலடியில் பாறையே புரண்டது. மைக்குப்பி சரிந்து சட்டையில் கொட்டியது.

போனுக்கு ஓடினேன். தங்கையின் எண்ணுக்கு மணியே போகவில்லை. மறுபடி, மறுபடி, விரல் மரத்துப்போகும்வரை அழுத்தினேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? வேலை பார்த்தேன். ஊசியை மாட்டினேன். உயரத்தை அளக்க முடியாத பெரிய ஆட்டத்தை, அது அடங்க எத்தனை நிமிடம் எடுத்தது என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். உட்கார்ந்து கணக்கிட்டேன். ஏழு. கணக்கம்மாவிடம் சொன்னேன். அவர் வேறு எதையும் கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

பாலம் உடைந்திருந்ததால் நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அந்தத் தெருவில் மட்டும் பத்தொன்பது பேர். என் தங்கையை மாப்பிள்ளையும் இன்னும் நாலு டிரைவர்களுமாக முந்தின நாளே கையாலேயே தோண்டி எடுத்திருந்தார்கள். ஆட்ட நேரத்தில் அவர் வெளியூர் ரோட்டில் பஸ்ஸில் இருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு கதறினார். தப்பித்த தெருக்காரர்களில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு நாற்காலி போட்டார்கள். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, மெஷின் சொன்னதச் சொன்னீங்க" என்றார், மனைவியைப் பறிகொடுத்த மளிகைக்கடைக்காரர். யாராவது என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் நழுவல்தான்.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை நிலையத்துக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. தலைமை நிலையத்திலிருந்து அந்தத் தாளைக் கேட்டு இரண்டு கடிதம் வந்து, நான் பதில் போடாமல் இருந்த சமயம். தாள் குழாயில் சுருட்டி மேசைமேல்தான் கிடந்தது.

"அதப் பாக்கணும் மச்சான். அவ இருந்தப்ப கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்னு சொல்லிட்டே இருந்தா. எனக்குத்தான் நேரமில்ல" என்றார்.

முடியாது என்று சொல்ல என்னால் ஆகவில்லை. விரித்து வைத்து, நாலு மூலையிலும் பாரம் வைத்தேன். "இது மொத ஆட்டம். இது ரெண்டாவது" என்று காட்டினேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வருடக்கணக்காக ரோட்டைப் பார்த்த கண். எது ஒழுங்கு, எது ஒழுங்கில்லை என்று அதற்குத் தெரியும்.

"ரெண்டாவதுக்கு முன்னாடி இங்கங்க லேசா நடுங்கியிருக்கே, இது என்ன?"

"உருளைல கை பட்டா அப்படி விழும்."

"யார் கை?"

"என் கை."

"இந்தப் பென்சில் கோடு?"

சொன்னேன். குமிழ், முத்திரை, பூஜ்யம், பிளேடு, பென்சில் சீவியது. ஒன்றையும் விடாமல், அவர் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே சொல்லி முடித்தேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. அவர் தலையிலும் ஏற்றிவைத்தேன், அவ்வளவுதான்.

அவர் என் கை முதலில் பட்ட நடுக்கத்தில் தன் விரலை வைத்தார். "இந்தப் பல்லு நிமிஷத்துக்கு ஒண்ணா?" என்று கேட்டார். தலையசைத்தேன். கோட்டின் மேலேயே விரலை நகர்த்தி, ஒவ்வொரு பல்லிலும் நின்று, வாய்விட்டு எண்ணினார். பதினொன்றில் பென்சில் கோடு வந்தது. அங்கே விரலை எடுத்தார்.

"பால்காரர் கீழ நின்னு மணி அடிப்பார் மச்சான். அவர் ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள இவ மூணு மாடியும் இறங்கி, பாத்திரத்தோட கீழ நிப்பா."